தொட்டிக்குள் ஒரு குடித்தனம்

கட்டுகஸ்தோட்டையிலிருந்து வாசகி ஒருவர் நமக்கு நான்கு பக்கக் கடிதம் ஒன்று எழுதியிருக்கிறார். முதல் மூன்று பக்கங்கள் மீன்களைப் பற்றியவை. நான்காம் பக்கம் அவருடைய மகனைப் பற்றியது. அந்த நான்காம் பக்கமே நம்மை உடனே பேனாவை எடுக்கச் செய்தது.

பையனுக்கு எட்டு வயது. பிறந்த நாளுக்கு மீன் வேண்டுமென்று கேட்டானாம். தந்தையார் கண்டி நகருக்குச் சென்று, 40 லீற்றர் நீர் கொள்ளும் கண்ணாடித் தொட்டி ஒன்றும், பொன்மீன் இரண்டும் வாங்கினார். அவை தனிமையில் வாடக் கூடாதே என்றெண்ணி, கப்பி நான்கும் ஏஞ்சல் மீன் ஒன்றும் சேர்த்துக்கொண்டார். கண்ணாடியிற் படியும் பாசியைத் தின்பதற்கென்று, கடைக்காரர் ‘டாங்க் கிளீனர்’ என்று சொல்லிக் கொடுத்த மீன் ஒன்றையும் வாங்கிக்கொண்டு வீடு வந்தார். அன்றிரவே எல்லாம் ஒரே தொட்டிக்குட் குடியேறின.

எட்டாம் நாள் கப்பி இரண்டைக் காணவில்லை. பத்தாம் நாள் ஏஞ்சல் மீன் செட்டையைக் குவித்துக்கொண்டு மூலையில் ஒதுங்கியது. பன்னிரண்டாம் நாட் காலை பொன்மீன்களுள் ஒன்று நீர்மேல் மிதந்தது. எஞ்சிய பொன்மீனின் விலாவில் வெளிறிய தழும்பு ஒன்று தெரிகிறதாம். அப்பாச்சி, “நாவூறு” என்கிறார். தந்தையார் குழாய்த் தண்ணீரைக் குறை சொல்கிறார். இனி நான்காம் பக்கம்:

“ஐயா, மகன் ஒருநாள் யாருக்கும் தெரியாமல் மூன்று தரம் தீனி போட்டுவிட்டானாம். தானே மீனைக் கொன்றுவிட்டதாக நினைத்து இரவில் அழுகிறான். அவனுக்கு நான் என்ன சொல்லட்டும்?”

சகோதரியாரே, உங்கள் மகனுக்கு முதலில் இதைச் சொல்லுங்கள்: மீனை அவன் கொல்லவில்லை. அவன் போட்ட தீனி நீரின் கேட்டைச் சிறிது கூட்டியிருக்கலாம். ஆனால், அந்தக் கேடு அவன் தீனி டப்பாவைத் திறக்குமுன்பே தொட்டியிற் குடிகொண்டிருந்தது. அது வந்த வழியை விளக்குவதே இவ்வாரத்து எழுத்தின் நோக்கம். விளக்குமுன் நம் வீட்டுக் கதை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாமல் உபதேசம் மட்டும் செய்வது நமக்கு அழகன்று.

ஆறு ஆண்டுகளுக்கு முன் நம் இளைய மகளுக்கும் இதே எட்டு வயது. நாமும் ஒரு வட்டமான கண்ணாடிக் கிண்ணத்தில் இரண்டு பொன்மீன்களை வாங்கி வந்து மேசைமேல் வைத்தோம். மீன் வாழும் நீர் கண்ணாடிபோற் தெளிவாயிருக்க வேண்டும் என்பது நமது அப்போதைய கொள்கை. ஆகவே, நாள்தோறும் அதிகாலையில் கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவி, குழாயைத் திறந்து புதுநீர் நிரப்பி, மீன்களை அதில் விட்டோம். அயலவர் பலர் நமது சுத்தத்தை மெச்சினர். ஒன்பதாம் நாள் இரண்டு மீன்களும் இறந்தன. நாம் மகளைப் பார்த்து, “நீ கணக்கின்றித் தீனி போட்டிருப்பாய்” என்றோம். அவள் மறுமொழி பேசவில்லை. கல்லூரியில் நாள்தோறும் காரண காரியம் படிப்பிக்கும் நாம், வீட்டில் விசாரணையே இன்றித் தீர்ப்புக் கூறிய நாள் அது.

உண்மையான காரணத்தைப் பின்னர் நம் கல்லூரி இரசாயன ஆசிரியரான நண்பர் ஒருவரே எடுத்துக் கூறினார். நாம் நாளாந்தம் நிரப்பியது குளோரீன் கலந்த குழாய் நீர். மனிதருக்குத் தீங்கு செய்யாத அந்தச் சிறிதளவு குளோரீன், மீனின் பூக்களைச் சுட்டுப் புண்படுத்தும். அதைவிடப் பெரிய தவறு ஒன்றும் இருந்தது. நாம் அழுக்கென்று தேய்த்துக் கழுவியதோடு, மீனைக் காக்கும் கண்காணா உயிர்களையும் நாள்தோறும் கழுவி ஊற்றிக்கொண்டிருந்தோம்.

அவ்வுயிர்கள் யாவை? மீன் தன் உடற்கழிவைப் பெரும்பாலும் பூக்களின் வழியே அமோனியாவாக நீரில் விடுகிறது. தின்னாமல் எஞ்சிய தீனியும் அழுகி அமோனியாவாகிறது. அமோனியா மீனுக்கு நஞ்சு. இயற்கை நீர்நிலைகளில் ஒருவகைப் பற்றீரியாக்கள் இந்த அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றுகின்றன. அதுவும் நஞ்சே. வேறொரு வகைப் பற்றீரியாக்கள் நைத்திரைற்றை நைத்திரேற்றாக மாற்றுகின்றன. இது மிகுதியாகச் சேர்ந்தாலன்றிப் பெருந்தீங்கு செய்யாது. வயல் மண்ணில் நடைபெறும் தொழிலும் இதுவே. 1890 ஆம் ஆண்டளவில் இப்பற்றீரியாக்களைப் பிரித்தெடுத்துக் காட்டியவர் வினோகிராட்ஸ்கி என்னும் உருசிய அறிஞர்.

புதிய தொட்டியில் இப்பற்றீரியாக்கள் இல்லை. வடிகட்டியின் பஞ்சிலும் அடித்தளக் கற்களிலும் அவை குடியேறிப் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை செல்லும். தொட்டி வாங்கிய அன்றே எட்டு மீன்களை அதனுள் விடுவது, அடுப்பும் கிணறும் மலசலகூடமும் அமையாத வீட்டில் எட்டுப் பேரைக் குடிவைப்பது போலாகும். முதல் வாரம் கழிந்ததும் நஞ்சு ஏறத் தொடங்கும். கடிதத்தில் உள்ள நாட்கணக்கை வாசகர்கள் மீண்டும் ஒருமுறை பார்க்கட்டும்: எட்டு, பத்து, பன்னிரண்டு. நாவூறுக்கு இத்தனை ஒழுங்கான நாட்கணக்கு இராது.

நீரின் கதை இவ்வாறிருக்க, இனித் தோழமையின் கதைக்கு வருவோம். தந்தையார் நல்லெண்ணத்தோடுதான் பலவகை மீன்களையும் கூட்டி வந்தார். ஆனால், மீன்களின் உறவு நம் நல்லெண்ணத்தால் அமைவதன்று. ஒரே நீர், ஒரே வெப்பம், ஒரே வேகம், ஏறக்குறைய ஒரே பருமன் ஆகிய நான்கும் பொருந்தினாலன்றி அவை கூடி வாழ மாட்டா. சாதகத்திற் பத்துப் பொருத்தம் பார்க்கும் நாம், தொட்டிக்கு இந்த நாலு பொருத்தமாவது பார்க்க வேண்டும்.

வெப்பப் பொருத்தத்தை முதலிற் பார்ப்போம். பொன்மீன் சீன தேசத்துக் கெண்டையினத்திலிருந்து வந்தது. சுங் அரசர் காலத்திலேயே, அதாவது ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, அதைக் குளங்களில் அழகுக்காக வளர்த்தனர். குளிரும் வெயிலும் மாறி மாறி வரும் நாட்டின் மீனாதலால், 18 பாகை முதல் 23 பாகை செல்சியஸ் வரையுள்ள நீரில் அது நலமாக வாழும். சிறிது கூடினாலும் குறைந்தாலும் தாங்கும். ஏஞ்சல் மீனோ அமேசன் ஆற்று வெப்ப நீருக்குரியது. அதற்கு 25 பாகைக்கு மேல் வேண்டும். கப்பியும் தென்னமெரிக்காவின் வெப்பப் பகுதிக்குரிய மீனே.

கண்டி நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அஸ்கிரியாச் சரிவிலுள்ள நம் வீட்டுத் தொட்டியில் நாம் வெப்பமானி வைத்துப் பார்த்ததில், ஆண்டு முழுவதும் நீர் 21 பாகைக்கும் 26 பாகைக்கும் இடையிலேயே நிற்கிறது. மார்கழி, தை மாதங்களில் அது தாழும். பங்குனி, சித்திரையில் ஏறும். கொழும்பிலுள்ள நண்பர்கள் பொன்மீனுக்காக வெப்பத்தோடு போராட வேண்டியிருக்கிறது. கண்டியிலுள்ள நமக்கு அந்தக் கவலை பெரிதாக இல்லை. வெந்நீரில் ஒட்சிசன் குறைவாகவே கரையும் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. 20 பாகையில் ஒரு லீற்றர் நீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஒட்சிசனைக் கொள்ளும். 28 பாகையில் 8 மில்லிகிராமுக்கும் குறைவாகவே கொள்ளும். ஏஞ்சல் மீன் மார்கழிக் குளிரில் நடுங்குகிறதே என்று தொட்டிக்குச் சூடேற்றி பூட்டினால், பொன்மீன் மூச்சுக்குத் திணறும். பூட்டாவிட்டால் ஏஞ்சல் மீன் நலியும். இருவருக்கும் ஒரே வீட்டில் நீதி செய்ய இயலாது. வெவ்வேறு வீடு கொடுப்பதே நீதி.

அடுத்தது பருமன். பொன்மீன் கொடிய மீனன்று. ஆயினும் தன் வாய்க்குள் அடங்குவது எதுவாயினும் தீனியென்றே கொள்ளும். ஏஞ்சல் மீனின் வழக்கமும் அதுவே. காணாமற்போன கப்பிகள் எங்கே போயின என்பதை இனி நாம் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது வேகம். நீண்ட வாலும் உருண்ட உடலும் உடைய அலங்காரப் பொன்மீன்கள் சீனர் பாத்திரங்களில் வளர்த்துத் தெரிந்தெடுத்துப் பெருக்கியதால் உண்டானவை. ஒரண்டா, ரியூக்கின், கரிய நிறத்துப் பிதுங்கு விழி மீன் ஆகியன அவ்வகையின. இவை மெல்ல நீந்துபவை. சிலவற்றுக்குக் கண்பார்வையும் மட்டு. ஒற்றை வாலுடைய சாதாரணப் பொன்மீனும் கொமற் என்னும் வகையும் அம்புபோற் பாய்பவை. இரண்டையும் ஒன்றாக விட்டால், பிந்தியவை தீனி முழுவதையும் தின்ன, முந்தியவை பட்டினி கிடக்கும். பொன்மீனுக்குப் பொன்மீனே நல்ல துணை என்போம்; ஆனால், ஒத்த உருவமுள்ள பொன்மீனாக இருத்தல் வேண்டும். புலிக்கோடுள்ள பாப் மீன்கள் நீண்ட செட்டைகளைக் கடித்துக் கிழிக்கும். அவற்றைப் பொன்மீனோடு சேர்க்கவே கூடாது.

‘டாங்க் கிளீனர்’ என்னும் உறிஞ்சுவாய் மீனைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது தென்னமெரிக்காவுக்குரியது. பாசி குறையும்போது, இரவில் அசைவின்றி உறங்கும் பொன்மீனின் விலாவில் ஒட்டி அதன் மேற்பசையைச் சுரண்டும் வழக்கம் அதற்கு உண்டு. வாசகி கண்ட வெளிறிய தழும்புக்கு இதுவே காரணமாதல் கூடும். பாசியைத் துடைக்க ஒரு துண்டுப் பஞ்சும் வீட்டாரின் கையும் போதும்.

நம் நாட்டு ஓடைகளிலேயே பேரழகுடைய மீன்கள் உள்ளனவே, அவற்றைச் சேர்க்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. சிங்களத்தில் லே திட்டயா என்று வழங்கும் செந்நிறச் சிறு மீனை 1929 ஆம் ஆண்டில் விஞ்ஞான உலகுக்கு விவரித்தவர் பி. ஈ. பி. தெரணியகல. வெற்றிலை மென்ற வாய்போற் சிவந்து தோன்றுவதால் புலத் ஹபயா என்று பெயர் பெற்றது இன்னொன்று. இவை இலங்கைக்கே உரியவை. தென்மேற்கு ஈரவலயத்தின் நிழலோடைகளில், இலைச் சருகு படிந்த மென்னீரில் வாழ்பவை. விரலளவேயான இவற்றை வளர்ந்த பொன்மீன் விழுங்கிவிடும். அவற்றை விரும்புவோர் தனித்தொட்டி வைத்து வளர்க்கலாம்.

நான்காவது, நீரின் தன்மை. பொன்மீன் சிறிது காரமான, ஓரளவு வன்மையுள்ள நீரை விரும்பும், பி.எச். அளவு 7 முதல் 8 வரை இருத்தல் நன்று. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்துக் கிணற்று நீர் வன்னீர். நம் மலைநாட்டு ஆற்று நீரோ பெரும்பாலும் மென்னீர். மென்னீர்த் தொட்டியில் நாட்செல்ல அமிலத்தன்மை ஏறுவதுண்டு. சிப்பி ஓட்டுத் துண்டுகள் சிலவற்றை நன்கு கழுவிச் சிறு துணிப்பையிற் கட்டி வடிகட்டிக்குள் வைத்தால் அக்குறை தீரும்.

இனிச் செய்ய வேண்டியவற்றை வரிசையாகக் கூறுவோம்.

அலங்காரப் பொன்மீன் ஒன்றுக்கு 75 லீற்றர் நீரும், மேற்கொண்டு சேரும் ஒவ்வொன்றுக்கும் 40 லீற்றரும் இருக்கட்டும். வட்டக் கிண்ணம் வேண்டவே வேண்டாம். ஒற்றை வால் மீன் ஓரடி நீளம் வரை வளரக்கூடியதாதலால் முற்றத்துத் தடாகமே அதற்கு இடம். தொட்டியை நீர் நிரப்பி, வடிகட்டியை ஓடவிட்டு, நாளுக்கொரு சிட்டிகை தீனி மட்டும் போட்டு, மீனின்றியே நான்கு முதல் ஆறு வாரம் வைத்திருங்கள். அழுகும் அத்தீனி பற்றீரியாக்களுக்கு உணவாகும். நல்ல நிலையிலுள்ள தொட்டியை உடைய நண்பரிடமிருந்து பழைய வடிகட்டிப் பஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கினால், காலம் குறையும். பரிசோதனைத் துளிகள் கடைகளிற் கிடைக்கின்றன. அமோனியாவும் நைத்திரைற்றும் தோன்றிப் பின் இரண்டும் மறைந்து, நைத்திரேற்று மட்டும் காணப்படும் நாளே மீன் குடிபுக நல்ல நாள்.

குழாய் நீரை அகன்ற வாளியில் ஒருநாள் திறந்து வைத்தால் குளோரீன் பெரும்பாலும் நீங்கும். அவசரமாயின் சோடியம் தயோசல்பேற்றுக் கரைசல் சில துளிகள் விடலாம். வாரம் ஒருமுறை தொட்டி நீரில் நாலிலொரு பங்கை மட்டும் மாற்றுங்கள். வடிகட்டிப் பஞ்சை அவ்வாறு வெளியேற்றிய தொட்டி நீரிலேயே அலசுங்கள். குழாயடியிற் பிழிந்தால் பற்றீரியாக்கள் மடியும். பொன்மீனுக்கு இரைப்பை என்ற உறுப்பே இல்லை. ஆதலால் அது எப்போதும் பசித்தது போலவே நம்மிடம் வரும். அதை நம்பி ஏமாற வேண்டாம். இரண்டு நிமிடத்தில் தின்று முடியும் அளவு, நாளைக்கு இரு தரம் போதும்.

எஞ்சியிருக்கும் மீன்களை என்ன செய்வது? ‘டாங்க் கிளீனரை மகாவலியில் விட்டுவிட்டால் அதுவும் பிழைக்கும், நமக்கும் புண்ணியம்’ என்று தந்தையார் கருதுவதாக வாசகி எழுதியிருக்கிறார். அன்புகூர்ந்து அவ்வாறு செய்ய வேண்டாம். அம்மீன் இந்நாட்டு நீர்நிலைகள் பலவற்றில் ஏற்கெனவே இவ்விதமே பரவிவிட்டது. கட்டுகஸ்தோட்டைக்குச் சற்றுக் கீழே பொல்கொல்லையில், 1976 ஆம் ஆண்டு முதல் மகாவலி நீர் வடமத்திய வறள்வலயத்தை நோக்கித் திருப்பப்படுகிறது. உங்கள் வீட்டுப் படித்துறையில் விடும் மீனின் சந்ததி எந்தக் குளத்திற் போய்க் குடியேறும் என்று யார் அறிவார்? கண்டி வாவியிலும், வட அமெரிக்காவுக்குரிய அலிகேட்டர் கார் என்னும் நீண்ட அலகுடைய பெருமீன் காணப்பட்டதை நம் நகரத்தார் அறிவர். ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் அமைத்த அவ்வாவிக்கு அது தானாக நீந்தி வந்திருக்க முடியாது. எவர் தொட்டிக்கோ அது பெரிதாகிப் போயிருக்க வேண்டும். ஓர் உயிரைக் காக்கும் எண்ணத்தில் ஓராயிரம் உயிர்களுக்குக் கேடு செய்வது புண்ணியமாகாது. ஏஞ்சலையும் கப்பிகளையும் உறிஞ்சுவாய் மீனையும் வாங்கிய கடைக்கே திருப்பிக் கொடுங்கள். அல்லது தக்க தொட்டியுள்ளவரைத் தேடிக் கொடுங்கள். எஞ்சிய பொன்மீனைப் பெரிய தொட்டி ஆயத்தமாகும் வரை நாள்தோறும் நாலிலொரு பங்கு நீர் மாற்றிக் காப்பாற்றலாம். தழும்பு தானே ஆறும்.

இனி நான்காம் பக்கத்துக்குத் திரும்புவோம். மகனை மீன்வளர்ப்பிலிருந்து விலக்கிவிட வேண்டாம், சகோதரியாரே. பரிசோதனைத் துளிகளை அவன் கையிலேயே கொடுங்கள். ஓர் அப்பியாசக் கொப்பியில் நாள்தோறும் நிறத்தைக் குறித்து வரட்டும். நஞ்சு ஏறுவதையும் பின்னர் இறங்குவதையும் அவன் தன் கண்ணாற் காணும்போது, மீன் ஏன் இறந்தது என்பதை நாம் யாரும் அவனுக்குச் சொல்ல வேண்டியிராது. இங்கிலாந்தில் 1956 ஆம் ஆண்டு ஒரு சந்தை விழாவிற் பரிசாகக் கிடைத்த டிஷ் என்ற பொன்மீன் 1999 ஆம் ஆண்டு வரை வாழ்ந்தது. நம் வீடுகளில் வாரக்கணக்கில் எண்ணப்படும் ஆயுள் உண்மையில் ஆண்டுக்கணக்கில் எண்ணத்தக்கது என்பதையும் அவனுக்குச் சொல்லுங்கள்.

இக்கடிதம் வந்த அன்று மாலை, இப்போது பதினான்கு வயதாகும் நம் மகளை அழைத்து, அந்த இரண்டு மீன்களும் நம் தவறினாலேயே இறந்தன என்று சொன்னோம். ஆறு ஆண்டுகள் தாமதித்துச் சொன்னோம். அவள் புத்தகத்திலிருந்து தலை நிமிராமலே, “அது எனக்கு அப்பவே தெரியும் அப்பா. நான் ஒரு நாளைக்கு ஒரு தரந்தானே போட்டனான்” என்றாள்.

அன்றே நாம் அவளைக் கேட்டிருக்கலாம். கட்டுகஸ்தோட்டைப் பையனாவது ஆறு ஆண்டுகள் காத்திருக்க வேண்டாம். இன்று இரவே அவனிடம் சொல்லிவிடுங்கள்.